எட்கர் கிராப்ட்ரீயின் கைமரங்கள்

நுரைக் கட்டி வெதுவெதுப்பாக இருந்தது.

டீன் சக்டன் அதைக் கையில் ஏந்தியபடி பரணில் குனிந்து நின்றான். ஜனவரி மாதத்துக் குளிர். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு அவன் விட்ட மூச்சு, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் வெள்ளையாகச் சுருண்டு போயிற்று. வெளியே சிலேட்டு ஓடுகளின்மேல் தூறல் விழுவதுகூட உள்ளே கேட்காதபடி, கூரையின் உட்புறம் முழுக்க, ஓடுகளைத் தாங்குகிற கைமரங்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவிலான கட்டங்களில், காய்ந்த கஞ்சியின் நிறத்தில் அந்த நுரை பொங்கி இறுகிக் கிடந்தது. அடிக்கிற அன்று நுரை சூடாகத்தான் இருக்கும். பொங்கும்போது தொட்டால் கை பொரிந்துபோகும், பிறகு ஆறிக் கட்டையாகிவிடும். ஆனால் இது எட்டு வருஷத்துக்கு முன்னால் அடித்த நுரை. உறைகிற குளிரில், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியைப் போல இது ஏன் இப்படி இருக்க வேண்டும்?

"வெயில் பட்டிருக்கும்" என்று வாய்விட்டுச் சொன்னான்.

அந்த வாரம் முழுக்க வெயிலே இல்லை. கட்டியைக் குப்பைப் பையில் போட்டுவிட்டு அடுத்த கட்டத்தில் சுரண்டியை நுழைத்தான்.

காலையிலிருந்தே அவனுக்குக் கோபம். கூட வர வேண்டியவன் காய்ச்சல் என்று படுத்துவிட்டான், அந்தக் கோபம். கால்டர் பள்ளத்தாக்கில் மலைச்சரிவோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற இந்தக் கல்வீட்டு வரிசைகளில் வண்டி நிறுத்த இடமே கிடையாது, அந்தக் கோபம். எல்லாவற்றுக்கும் மேலே, வண்டி இந்தத் தெருவுக்குள் திரும்பியபோதே எந்த வீடு என்று தெரிந்துபோன கோபம். கதவுக்கு அப்போது பச்சைச் சாயம், இப்போது நீலம். ஆனால் கதவைத் தட்டுவதற்கு வைத்திருந்த பித்தளைப் பிடி மாறவில்லை. தச்சர்கள் மரம் சீவுகிற இழைப்புளியின் வடிவத்தில் அப்படி ஒரு பிடியை அவன் வேறெந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

இந்த வீட்டுக் கூரைக்கு நுரை அடித்தவனே அவன்தான்.

இப்படிப்பட்டவர்களை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். கூரைக்குக் கம்பளி போர்த்துகிற மாதிரி, வீடு கதகதவென்று இருக்கும், அரசாங்கமே சிபாரிசு செய்கிறது என்று வயசானவர்கள் வீடாகப் பார்த்துப் பேசி நுரையை அடித்துவிட்டுப் போனார்கள். சில வருஷம் கழித்து, நுரைக்கு அடியில் மரம் அழுகுவது தெரியவர, நுரை அடித்த வீட்டுக்கு எந்த பேங்கும் கடன் தராது, விற்கவும் முடியாது என்று ஆனது. டீனின் முதலாளி என்ன செய்தார் தெரியுமா? நுரை அடிக்கிற கம்பெனியை இழுத்து மூடிவிட்டு, அதே கொட்டகையில் நுரை எடுக்கிற கம்பெனியைத் திறந்துவிட்டார். வண்டியின் பக்கவாட்டில் இருந்த பெயர் மட்டும் மாறியது.

காலையில் கதவைத் திறந்தது மேவிஸ் கிராப்ட்ரீதான். இன்னும் சிறுத்துப்போயிருந்தாள். முழங்கை கிழிந்த கம்பளிச் சட்டை, கையில் பாத்திரம் துடைக்கிற துணி. அவள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது டீன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். அன்றைக்கு அவனுக்குத் தாடி இருந்தது, தலையில் காடாக முடி இருந்தது. இன்றைக்கு இரண்டும் இல்லை.

"வா கண்ணு, உள்ள வா. பூட்ஸைக் கழட்ட வேணாம், அந்தக் கார்ப்பெட்டு செத்து ரொம்ப நாளாச்சு. நுரை எடுக்கத்தானே வந்திருக்க?"

"ஆமாங்க மிஸஸ் கிராப்ட்ரீ."

"அடிக்க வந்தவனும் இப்படித்தான் சிரிச்ச மொகமா வந்தான்."

"யாருங்க அது?"

"பேரு ஞாபகத்துல இல்ல. இருந்திருந்தா ரொட்டி வெட்டுற கத்தியோட அவன் வீட்டு வாசல்ல நின்னிருக்க மாட்டேனா?" கடகடவென்று சிரித்தாள். அவனும் சிரித்து வைத்தான்.

பரணுக்கு ஏறுகிற வாய் பின்பக்கத்துப் படுக்கையறையின் கூரையில் இருந்தது. கட்டில் அப்படியே கிடந்தது. அதற்கு நேர்மேலே கூரைப்பூச்சில் தேநீர் கொட்டின மாதிரி வளையம் வளையமாகக் கறை.

"இதுலதான் எட்கர் போனாரு" என்றாள் மேவிஸ், கட்டில் விரிப்பின் சுருக்கத்தைக் கையால் தடவியபடி. "நுரை அடிச்ச அடுத்த குளிர்காலமே சொட்ட ஆரம்பிச்சிருச்சு. ராத்திரி பகலா அவரு நெஞ்சு மேலயே சொட்டும். கட்டிலை நகர்த்துறேன்னா விட மாட்டாரு. என் கூரை என்ன சொல்லுதுன்னு கேக்கணும், வாயை மூடிட்டுப் போடிம்பாரு. எழுந்து ஏற முடியல, அந்தக் கோவம். அமைதியாப் போனாருன்னு பாதிரியார் சொன்னாரு. நான் பக்கத்துல இருந்தவ. அவரு கோவமாத்தான் போனாரு, கண்ணு."

டீன் ஏணியை விரித்தான். அவன் நினைப்பெல்லாம் ஒரே ஒரு வரியில் இருந்தது.

மூடிவிடப்போகிற மரத்தில் வேலைக்காரர்கள் பெயர் எழுதிவைப்பது அந்த ஊர்ப் பக்கத்தில் வழக்கம். சுவர்த்தாள் ஒட்டுகிறவன் சுவரில் எழுதுவான், தரை போடுகிறவன் பலகைக்கு அடியில் எழுதுவான். நூறு வருஷம் கழித்துப் பிரிக்கிறவன் பார்த்துச் சிரிக்கட்டுமே என்று ஒரு கிண்டலும் சேர்த்து எழுதுவார்கள். டீனும் எழுதியிருந்தான், புகைபோக்கியை ஒட்டிய கைமரத்தில், தடித்த கறுப்புப் பேனாவால். 'டீன் சக்டன் இங்கே நுரை அடித்தான். மரம் ஊறிக் கிடக்கிறது. கீழே படுத்திருக்கிற கிழட்டுத் தச்சனிடம் சொல்லிவிடாதீர்கள்!' எழுதிவிட்டுச் சிரித்துக்கொண்டே அதன்மேல் நுரையை அடித்தான். ஈரம் வெளியே தெரியாமல் இருக்க, பீப்பாயில் மிச்சமிருந்ததை எல்லாம் அந்த மூலையிலேயே கொட்டி, சரிவிலிருந்து தரைவரை ஒரு சுவராகப் பொங்கவிட்டான்.

நாளைக் காலையில் பேங்க் அனுப்புகிற ஆள் கேமராவோடு வருவான். மரம் மரமாகப் படம் எடுப்பான். எடுத்தால்தான் இந்த வீடு விலைபோகும், மேவிஸ் கடற்கரை ஊரில் இருக்கிற தங்கையிடம் போய்ச் சேர முடியும். ஆனால் அந்த ஒரு வரி படத்தில் விழுந்துவிட்டால், தெரிந்தே ஏமாற்றினான் என்பதற்கு அவன் கையெழுத்தே சாட்சி. வேலை போகும். கோர்ட், ஜெயில் என்று இழுப்பார்கள். அது படத்தில் விழுவதற்கு முன்னால், மேவிஸ் ஏறிப் பார்ப்பதற்கு முன்னால், அந்த நுரைச் சுவரை எட்டி, மரத்தை ஒரு விரல் ஆழத்துக்குச் சீவி எறிந்துவிட வேண்டும். சுவரை எட்டுவதற்கு நடுவில் இருக்கிற கட்டங்களை எல்லாம் சுரண்டிக்கொண்டே போக வேண்டும்.

சுரண்டினான். சுரண்டி மரத்தில் உரசுகிற கரகர சத்தமும், கட்டி பெயர்கிற பிளவுச் சத்தமும், கெட்டுப்போன மீனைப் போல நுரையிலிருந்து எழும்பும் நாற்றமும், முட்டிக்குக் கீழே உத்தரங்களின் முனகலும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. நுரை தின்றுவிட்ட சத்தங்கள்தான் எத்தனை. தெருவில் போகிற வண்டி, பக்கத்து வீட்டு நாய், மலைமேல் அடிக்கிற காற்று, எதுவுமே இல்லாமல் காதுக்குள் பஞ்சு அடைத்தாற்போல் இருந்தது. கை ஓய்ந்து அவன் சுரண்டியை நிறுத்தினான்.

கரகர சத்தம் ஒரு நொடி தாமதமாகத்தான் நின்றது.

கட்டி பெயர்ந்த இடத்தில், கைமரத்தின் பக்கவாட்டில், ஒரு குறி தெரிந்தது. தச்சர்கள் வைத்திருக்கிற தட்டைப் பென்சிலால் போட்டது. ஓர் அம்புக்குறி, பக்கத்தில் ஓர் எண்: 5–10.

கிழவன் கூரை போட்டபோது வைத்த அளவாக இருக்கும். டீன் அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த கட்டத்தில் இன்னொரு குறி, அதே சதுரக் கையெழுத்தில்: 'தோள் 19'. மரமூட்டுக்கும் தோள் என்று சொல்கிற வழக்கம் உண்டு. அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பெயர்த்த கட்டியைப் பையில் போட்டவன், கை பாதியில் நிற்க, அப்படியே குந்திவிட்டான்.

அந்த எண்களை அவன் காதால் கேட்டிருந்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், கீழே அந்தக் கட்டிலில். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார் எட்கர் கிராப்ட்ரீ. நுரை வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். மேவிஸுக்குக் குளிர் தாங்கவில்லை என்பதால் கடைசியில் இறங்கிவந்தார். டீன் உள்ளே போனபோது ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவனை உச்சந்தலையிலிருந்து பாதம்வரை மெதுவாகப் பார்த்தார். "அஞ்சடி பத்து. தோளு பத்தொம்பது" என்றார்.

மேவிஸ் சிரித்தாள். "பயப்படாத கண்ணு, யாரைப் பார்த்தாலும் அவரு அப்படித்தான். ஊருக்குக் கதவு ஜன்னலும் இவருதான், சவப்பெட்டியும் இவருதான். கல்யாணத்துக்குப் போனாக்கூட மாப்பிள்ளையை மனசுக்குள்ள அளந்துக்கிட்டு நிப்பாரு."

எட்கர் சிரிக்கவில்லை. டீனின் மணிக்கட்டைப் பிடித்தார். மரப்பட்டை மாதிரி கை. "தம்பி, மரம் ஈரமா இருந்தா மேல எதையும் பூசக் கூடாது. பூசினா உள்ளுக்குள்ளயே அழுகும். என்னால ஏற முடியாது. நீ என் கண்ணா இருந்து பாத்துட்டு வா. ஒரே கேள்விதான். மரம் காஞ்சிருக்கா?"

டீன் ஏறிப் பார்த்தான். புகைபோக்கி மூலையில் கைமரம் ஊறிக் கறுத்திருந்தது. விரலை வைத்தபோது நீர் கசிந்தது. ஈரமென்று சொன்னால் அன்றைய வேலை கெட்டுவிடும். இறங்கி வந்தான். "எலும்பு மாதிரி காஞ்சிருக்குங்க மிஸ்டர் கிராப்ட்ரீ. நுரை உங்களுக்கப்புறமும் நிக்கும்" என்றான்.

கிழவர் அவன் கையை விட்டுவிட்டார். நம்பிவிட்டார்.

"அதுக்கு இப்ப என்ன?" என்று பரணின் இருட்டைப் பார்த்துச் சீறினான் டீன். சுரண்டியை ஓங்கிக் குத்தினான், மரம் கீறிக்கொண்டு சிராய் பறந்தது. "எவன்டா இங்க விளையாடுறது?"

கட்டி பெயர்ந்தது. அடியில் பென்சில் எழுத்து, இந்தத் தடவை எண் இல்லை.

'விளையாட்டை நீதானே ஆரம்பிச்சே.'

அவன் அதைப் பார்த்தான். மறுபடி பார்த்தான். கட்டியைத் திருப்பினான். நுரையின் அடிப்பக்கத்தில் அதே எழுத்துகள், கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறி, பென்சில் கரியோடு ஒட்டியிருந்தன. அப்படியென்றால் எழுத்து முந்தியது, நுரை அதன்மேல் வந்தது. நுரைக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு மயிர்கூட நுழையாது. அவன் இப்போது கேட்டதற்கு எட்டு வருஷத்துக்கு முன்பே பதில் இருந்தது.

கீழே துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுகிற சத்தம். துள்ளி விழுந்தான்.

"டீ கொண்டாந்திருக்கேன் கண்ணு! இறங்குறியா, நானே ஏறி வரவா?"

"வேணாம், வேணாம்! வர்றேன்!"

ஏணியில் பாதி இறங்கி, கோப்பையை வாங்கிக்கொண்டான். சாம்பல் நிறத்து மாலை ஜன்னலில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் அந்த மாசத்தில் தேநீர் வேளைக்கே இருட்டிவிடும்.

"யாருகிட்ட பேசிட்டிருந்த?"

"ரேடியோங்க."

"ரேடியோவா? உன் வண்டியில ஓடிட்டிருக்கிறது இங்க வரைக்கும் கேக்குதே." மேவிஸ் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். "ஒண்ணு சொன்னா சிரிக்காத. எட்கர் கடைசிக் காலத்துல மேல பாத்து இப்படித்தான் பேசுவாரு. ஒரு பேச்சுப் பேசுவாரு, நிறுத்துவாரு. யாரோ மேலேர்ந்து பதில் சொல்ற மாதிரி காது குடுத்துக் கேப்பாரு. அப்புறம் மூஞ்சி செவந்து போயிக் கத்துவாரு. 'விளையாட்டை நீதானே ஆரம்பிச்சே'ன்னு ஒரு தடவை போட்டாரு பாரு ஒரு சத்தம், பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்துட்டா."

டீன் கோப்பையை ஏணிப் படியில் வைத்தான்.

"வேற... வேற என்ன சொல்வாருங்க?"

"'நான் கேட்டது ஒரே கேள்வி'ம்பாரு. என்ன கேள்விங்க, நான் பதில் சொல்றேனேம்பேன். உன்னைக் கேக்கல, மேல இருக்கிறவனைக் கேக்குறேம்பாரு. கடவுளைச் சொல்றாருன்னு நினைச்சுக்கிட்டேன்." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பிஸ்கட் எடுத்துக்க. பசியோட வேலை செய்யாத."

போய்விடலாம் என்றுதான் அவன் நினைத்தான். ஏணியை மடக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விடலாம். ஆனால் அந்த வரி? நாளை வேறு ஒருத்தன் வந்து நுரையை உரிப்பான், கேமரா வரும், அவன் பெயர் கொட்டை எழுத்தில் நிற்கும். கோபம் பயத்தைக் கொஞ்சம் தள்ளிவிட்டது. கோபம் அவனுக்கு எப்போதும் அப்படி உதவியிருக்கிறது. ஏறினான்.

இப்போது பரணில் குளிரே இல்லை. எரிந்து முடிந்த கணப்படுப்பின் பக்கத்தில் நிற்கிற மாதிரி நாலாபுறமும் ஒரு மந்தமான சூடு. மீன் நாற்றத்தோடு இன்னொரு வாசனையும் கலந்திருந்தது. சீவின பென்சில் வாசனை. மிச்சமிருந்தது நுரைச் சுவரும் அதற்கு முந்திய ஒரு கட்டமும்தான். சுரண்டியை எடுத்தான். எடுத்தவன் அசையாமல் நின்றான்.

சுரண்டாமலே சத்தம் கேட்டது.

மெல்லிய, காய்ந்த சத்தம். நுரைக்கு உள்ளே. சர்ர்க். சர்ர்க். ஒரு சின்ன நிறுத்தம். சர்ர்க். மரத்தில் பென்சில் ஓடுகிற சத்தம். அவசரமே இல்லாமல், அழுத்தி அழுத்தி எழுதுகிற சத்தம்.

"நுரை அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நீங்கதானே!" டீன் கத்தினான். குரல் நுரையில் முட்டிச் செத்தது. "நான் என்ன, கழுத்துல கத்தி வெச்சா போட வெச்சேன்? முதலாளி அடின்னான், அடிச்சேன்! நான் அடிக்கலைன்னா வேற ஒருத்தன் அடிச்சிருப்பான்! நான் மட்டுமா?"

எழுதுகிற சத்தம் அவன் முடிக்கும்வரை காத்திருந்தது. பிறகு ஓடியது. நின்றது.

அவன் உரித்தான். உரிக்காமல் இருக்க முடியவில்லை.

'நான் கேட்டது ஒரே கேள்வி.'

பென்சில் கரி கையுறையில் ஒட்டியது. ஈரமாக, புதுசாக.

அதற்கப்புறம் அவன் வேலைக்காரன் மாதிரி வேலை செய்யவில்லை. ரம்பத்தால் வெட்டினான், கையால் பிய்த்தான், பூட்ஸால் உதைத்தான். நுரைச் சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. தலையை உள்ளே விட்டான். புகைபோக்கியின் கரிபிடித்த செங்கல். பக்கத்தில் கைமரம். கறுப்பாக, பூஞ்சணம் பூத்து, ஈரத்தில் மினுங்கிக்கொண்டு. அதில் அவனுடைய வரி. டீன் சக்டன் இங்கே நுரை அடித்தான். ஓர் எழுத்தும் மங்கவில்லை. அதற்குக் கீழே பென்சிலில்:

'நானே ஏறி வந்து பாத்துட்டேன், தம்பி.'

கையோடு கொண்டுவந்திருந்த இழைப்புளியை எடுத்துச் சீவினான். மரம் ஊறிய ரொட்டியாக உதிர்ந்தது. சீவினான். பெயர் போகவில்லை. ஒரு விரல் ஆழம் சீவினான். மை உள்ளே இன்னும் கறுப்பாக இருந்தது. எந்த ஆழத்திலும் அதே பெயர், அதே கிண்டல்.

"போ! போயித் தொலை!"

"டீன்?"

கீழேயிருந்து மேவிஸின் குரல். மென்மையாக. எங்கேயோ தூரத்தில் மெத்தைக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி.

"டீன், முடிஞ்சுதா கண்ணு?"

அவன் அவளிடம் பெயரைச் சொல்லவே இல்லை.

இறங்கிவிட வேண்டும். இப்போதே. ஓட்டையிலிருந்து தலையை உருவித் திரும்பினான். நெற்றி விளக்கு அவனுக்கு முன்னால் திரும்பியது.

சுரண்டிப்போட்ட கட்டங்கள் இல்லை. பைகள் இல்லை. ஏணியின் தலை இல்லை. பரணின் வாய் இருந்த இடத்தில் வழுவழுவென்று நுரை. காய்ந்த கஞ்சி நிறமில்லை. புதுப்பால் நிறம். மெதுவாக மூச்சுவிடுகிற வயிறு மாதிரி உப்பிக்கொண்டு. இரண்டு பக்கமும். தலைக்கு மேலும். சத்தமே இல்லாமல் கிட்டே வந்துகொண்டிருந்தது.

உதைத்தான். கால் ஒட்டியது. பிடுங்கினான். பூட்ஸ் மாட்டிக்கொண்டது, கால் வந்தது. "மிஸஸ் கிராப்ட்ரீ! மேவிஸம்மா!" அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

பின்னால் மட்டும் இடம் இருந்தது. புகைபோக்கிக்கும் கைமரத்துக்கும் நடுவில், அவன் உடைத்த ஓட்டைக்கு உள்ளே. அங்கே விளக்கைத் திருப்பினான்.

நுரையில் ஒரு குழி. யாரோ இழைத்து இழைத்துச் செய்த குழி. தலைப்பக்கம் குறுகி, தோளில் அகன்று, காலுக்குப் போகப் போக ஒடுங்கி. உள்ளே ஒரு சிராய்கூட இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

அவன் அதில் நுழையவில்லை. நுழையவே இல்லை. முன்னால் வந்த நுரைக்காக ஓரடி பின்வைத்தான், அவ்வளவுதான். இன்னும் ஓரடி. முதுகில் ஏதோ தட்டுப்பட்டது. தோள் இரண்டும் இரண்டு பக்கமும் போய்ப் பொருந்தின. இறுக்கமில்லை. தொளதொளப்பில்லை. குதிகால் அடியில் போய் உட்கார்ந்தது.

சூடு. பாதத்தில். முட்டியில். இடுப்பில். கைகளை எடுக்கப் பார்த்தான். எடுக்க வரவில்லை. நெஞ்சில் ஏறியது. கழுத்தில். தாடையைப் பிடித்து, வாயை மூடி, உதட்டின்மேல் இறுகியது. மூக்குக்குக் கீழே வந்ததும் நுரை மெதுவானது.

நின்றது.

மூச்சுக்கு இரண்டு துளை. கண்களை விட்டுவிட்டது. இமைகளின் மேலோரத்தைத் தொட்டு, மூட முடியாமல் பிடித்துக்கொண்டு, அங்கேயே ஆறிக் கட்டையாகிவிட்டது.

ஒரு சாண் தூரத்தில், நெற்றி விளக்கின் முழு வெளிச்சத்தில், கைமரம். ஊறிக் கறுத்த மரம். அதன் அடி விளிம்பில் ஒரு துளி நீர் திரண்டது. கனத்தது. நீண்டது. விழுந்தது. கீழே கட்டிலின்மேல் சொட்டென்று கேட்டது. அடுத்த துளி திரண்டது.

"சரி கண்ணு" என்றாள் கீழே மேவிஸ். "நீ நிதானமாப் பாரு."

கதவு சாத்தப்படுகிற சத்தம்.

அவன் கண்ணுக்கு நேரே, அந்த ஈர மரத்தில், கை எதுவும் இல்லாமல் ஒரு கறுப்புக் கோடு தொடங்கியது. சர்ர்க். அவசரமே இல்லை. சர்ர்க். சதுரச் சதுரமான எழுத்துகள், ஒன்றன்பின் ஒன்றாக.

'பாத்துச் சொல்லு தம்பி. மரம் காஞ்சிருக்கா?'

பென்சில் சத்தம் நின்றது. பதிலுக்காகக் காத்திருந்தது.